குமரியில் வீடு கட்டுவோர் பொருள் இறங்கும்போதே பார்க்க வேண்டியவை

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலை முழுக்கக் கருங்கல். 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். அந்தக் கருங்கல்லுக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, மேலெல்லாம் காகிதக் கூழ் அப்பி, நுண்துளைகளில் இறங்கிய உப்பைக் கூழ் உறிஞ்சிய பிறகு எடுத்துவிட்டு, ரசாயனப் பூச்சு கொடுக்கிறார்கள். வெடிவைத்துப் பிளக்கிற கல்லுக்கே இந்தப் பாடு. கருங்கல் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு தண்ணீர்கூடக் குடிக்காது. சாதாரணச் செங்கல்லோ ஐந்தில் ஒரு பங்கு வரை குடிக்கும். நாம் வீடு கட்டுவது அந்தச் செங்கல்லில்.

குமரி மாவட்டத்தில் ஒரு கட்டடம் கெடுகிறது என்றால் காரணத்தின் அடியில் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கும். மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், கலவையில் அளவு மீறி ஊற்றிய தண்ணீர், ஊற்ற வேண்டிய நாளில் ஊற்றாமல் விட்ட தண்ணீர். எந்தப் பொருளை எடுத்தாலும் தண்ணீர் அதற்குள் எப்படி இறங்குகிறது, இறங்கினால் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்ல முடியும். விலையும் கம்பெனிப் பெயரும் அதற்குப் பிறகுதான்.

மாவட்டம் சிறியது என்றாலும் ஊருக்கு ஊர் பிரச்சினை வேறு. நீரோடியிலிருந்து கொல்லங்கோடு, குளச்சல், முட்டம், மணக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரை உப்புக்காற்று. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. சுவர் முழுசாகக் காய்வதற்கே நாள் கிடைக்காது. ஆரல்வாய்மொழி, தோவாளை, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று. காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று, காலையில் போட்ட கான்கிரீட்டின் ஈரத்தை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும். மார்த்தாண்டத்தில் நன்றாக நின்ற வேலைமுறையை அப்படியே முட்டத்துக்குக் கொண்டுபோனால் நிற்காது.

மணலிலிருந்து ஆரம்பிப்போம். ஆற்று மணல் இப்போது எளிதாகக் கிடைப்பதில்லை. கான்கிரீட்டுக்கும் கட்டு வேலைக்கும் எம் சாண்ட், பூச்சுக்கு பி சாண்ட் என்றாகிவிட்டது. எம் சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்து, சலித்து, கழுவி எடுப்பது. குவாரியில் ஜல்லி உடைக்கும்போது கீழே விழுகிற பாறைப்பொடி வேறு. இரண்டும் ஒரே சாம்பல் நிறம் என்பதால் பொடியை எம் சாண்ட் என்று சொல்லி இறக்கிவிடுவதும் உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரித்துப் பாருங்கள். உள்ளங்கையில் மாவுபோல வெள்ளைப் பூச்சு அப்பிக்கொண்டால் பொடி அதிகம். விரலால் உருட்டினால் அரிசிக் குருணைபோல எல்லாப் பக்கமும் பருமனாக இருக்க வேண்டும். சில்லு சில்லாக, தட்டையாக இருந்தால் கலவை ஓடாது. ஓடவில்லை என்று கொத்தனார் தண்ணீர் ஊற்றுவார். கோளாறு அங்கே தொடங்கும்.

ஒரு கண்ணாடி ஜாடி இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பாதி அளவு மணல் போட்டு, முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியில் உட்காரும், வண்டல் அதற்குமேல் தனி அடுக்காக நிற்கும். ஆற்று மணல் என்றால், 100 மி.மீ. மணலுக்கு மேல் 8 மி.மீ.க்கு அதிகமாக வண்டல் நின்றால் அந்த லோடு வேண்டாம். எம் சாண்டில் நுண்தூள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 383 எடையில் 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அங்கே ஜாடியின் பயன் ஒரு லோடை இன்னொரு லோடோடு ஒப்பிடுவது. முதல் லோடில் நல்ல மணல் வந்ததும் ஜாடியை மூடி வைத்துவிடுங்கள். அடுத்த லாரி வரும்போது பக்கத்தில் இன்னொரு ஜாடி வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஈர மணல் உப்பிப் பெருகும். மணலில் ஐந்து சதவீதம் ஈரம் இருந்தாலே ஒவ்வொரு குருணையையும் சுற்றித் தண்ணீர்ப் படலம் நின்று குருணைகளை விலக்கிவிடும். கன அளவு கால் பங்குவரை கூடும். இதை அதே ஜாடியில் பார்க்கலாம். ஈர மணலைத் தட்டாமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, தண்ணீரில் முழுக்க மூழ்கடித்துக் கிளறிவிட்டால், மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம். யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறவர் மழைக்காலத்தில் காற்றுக்கும் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். லாரியை அளக்கும்போதும் நடுவில் குவிந்த உச்சியை அளந்தால் ஏமாற்றம்தான். நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பி குத்தி ஆழம் பார்த்து, சராசரி எடுக்க வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், சராசரி ஆழம் 3½ அடி என்றால் 210 கன அடி, இரண்டு யூனிட்டும் பத்து கன அடியும்.

கடற்கரை மணல் எந்த வேலைக்கும் ஆகாது. அஸ்திவாரக் குழி நிரப்பக்கூட வேண்டாம் என்றுதான் சொல்வோம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தரை ஓட்டின் இடுக்கு வழியே மேலே ஏறும். கான்கிரீட்டில் போட்டால் கம்பி துருப்பிடிக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலோ முழுக்க வேறு பொருள்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் கலந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அது மணல் ஆலைக்குப் போக வேண்டிய கனிமம், கலவைச் சட்டிக்குள் வர வேண்டியதல்ல.

தண்ணீரையும் ஒரு கட்டுமானப் பொருளாக நினைக்க வேண்டும். குடிக்கலாம் என்றால் கலவைக்கும் ஆகும் என்பது பொதுவாகச் சரி. கடலோர ஊர்களில் நாக்குக்குத் தெரியாத உப்பு இருக்கும் என்பதால் நாக்கை நம்ப முடியாது. ஐ.எஸ். 456 சொல்கிற உச்ச அளவு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் குளோரைடு. கம்பி இல்லாத வேலைக்கு 2000. அமிலத் தன்மை காட்டும் பி.எச். 6க்குக் கீழே போகக்கூடாது. பரிசோதனைக்கு ஒரு லிட்டர் சுத்தமான பாட்டில் போதும். எந்த மாதம் வார்ப்புப் போடப்போகிறீர்களோ அந்த மாதத்துத் தண்ணீரைக் கொடுங்கள். கார்த்திகையில் நன்றாக இருந்த கிணறு சித்திரையில் உப்பு ஏறி நிற்கலாம். தண்ணீர் தேறவில்லை என்றால் வார்ப்புக்கும் அதை நனைப்பதற்கும் டேங்கர்த் தண்ணீர்தான் வழி. நனைக்கிற தண்ணீர் எதுவாக இருந்தால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் அங்கேயே சேரும்.

சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் மூட்டையை இறக்க விடாதீர்கள். சேமிப்பில் மூன்று மாதம் கிடந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் போகும். நம் ஊர் ஆடி மாத ஈரத்தில் அதைவிடச் சீக்கிரம் போகும். கட்டி இருந்தால் விரலால் நசுக்குங்கள். பொடிந்தால் அடுக்கின் பாரத்தில் இறுகியது, கவலை இல்லை. நசுங்காத கட்டி ஏற்கெனவே தண்ணீர் குடித்துச் செத்த சிமென்ட். அடுக்கும்போது தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம்; மேலே தார்ப்பாய். முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும்.

எந்தச் சிமென்ட் என்ற கேள்விக்கு எங்கள் பதில் எப்போதும் இதுதான்: கடலோரம் என்றால் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. இவை இறுகிய பிறகு நுண்துளைகள் குறைவு, உப்பு உள்ளே நுழைவது மெதுவாகும். விலை கூடியது நல்லது என்று, இவை எதுவும் கலக்காத 53 கிரேடு ஓ.பி.சி.யைப் பூச்சுக்கு வாங்குவது வீண். சூடு அதிகம், பூச்சில் வெடிப்பு விழும். ஆனால் கலப்புச் சிமென்டுக்கு ஒரு குணம் உண்டு. பலம் மெதுவாக வரும். ஓ.பி.சி.க்கு ஏழு நாள் தண்ணீர் போதும் என்றால் இதற்குப் பத்து நாளாவது வேண்டும், பதினான்கு நாள் விடுவது நல்லது. தாங்குகட்டையைப் பிரிப்பதிலும் அவசரம் கூடாது. ஓ.பி.சி. போட்ட 15 அடிக்குட்பட்ட தளத்துக்கே முட்டு ஏழு நாள், அதற்கு மேல் அகலம் என்றால் பதினான்கு நாள் நிற்க வேண்டும் என்பது விதி. கலப்புச் சிமென்டில் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி கலவை. கான்கிரீட்டின் பலத்தை எம் என்ற எழுத்தோடு ஓர் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் பலம் கூடும். எம்20 என்கிற கலவையில் சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3; ஒரு மூட்டை சிமென்ட் சுமார் 35 லிட்டர். அப்படியென்றால் மணல் 52 லிட்டர், ஜல்லி 105 லிட்டர். தண்ணீர் 25 லிட்டர், மிஞ்சிப் போனால் 27. இந்த 25 லிட்டர் என்பது காய்ந்த மணலுக்கு. மழைக்காலத்து மணல் 52 லிட்டர் ஏறத்தாழ 80 கிலோ. அதில் ஐந்து சதவீதம் ஈரம் என்றால் நான்கு லிட்டர் தண்ணீர் மணலோடேயே வந்துவிட்டது. ஊற்ற வேண்டியது 21 லிட்டர்தான். இந்தக் கழித்தலை யாரும் செய்வதில்லை. அதற்குமேல் மிக்சர் பக்கத்தில் நிற்பவர், “அண்ணாச்சி, இன்னும் ஒரு வாளி விட்டா லேசா ஓடும்லா” என்று கேட்பார். ஓடும். சிமென்ட் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சத் தண்ணீர் பிறகு ஆவியாகி வெளியே போகும். போன வழியெல்லாம் குழல்போலத் துளையாக நிற்கும். அந்தத் துளை வழியாகத்தான் உப்பு திரும்பி உள்ளே வருகிறது. கலவை லேசாக ஓட வேண்டுமென்றால் அதற்கான திரவம் கடையில் கிடைக்கிறது, தயாரிப்பாளர் சொன்ன அளவில் சேர்க்கலாம். வைப்ரேட்டர் கட்டாயம், கம்பியால் குத்துவது போதாது.

உப்புக்காற்று நேராகப் படுகிற வீட்டுக்கு எம்20 போதாது. ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகுத்து, குறைந்தது எம்30, ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மிகாமல், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் என்று சொல்கிறது. அலைத் துளி தெறிக்கிற இடம் என்றால் இன்னும் ஒரு படி மேல்: எம்35, 50 மி.மீ. எம்25 முதல் மேலே உள்ள எதையும் சட்டிக் கணக்கில் போடக்கூடாது. பொருளைப் பரிசோதித்து, விகிதம் வடிவமைத்து, சோதனைக் கட்டி வார்த்துப் பலம் பார்க்க வேண்டும். கடலோரத்தில் வீடு கட்டுபவர் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வரைபடம் எத்தனை அழகு என்பது அப்புறம்.

அந்த 45 மி.மீ. ஏன் என்று புரிந்துகொண்டால் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். சிமென்ட் கடுமையான காரம். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகும், படலம் இருக்கும்வரை துரு கிடையாது. குளோரைடு உள்ளே போய்ச் சேர்ந்ததும் படலத்தை ஊசி ஊசியாகக் குத்தி உடைக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் இடம் ஏது? முதலில் கம்பி ஓடுகிற திசையிலேயே மயிரிழைபோல ஒரு வெடிப்பு. அடுத்த மழையில் அதிலிருந்து டீக்கறைபோலப் பழுப்பு நீர் வடியும். பிறகு தட்டினால் பொத்பொத்தென்று ஓசை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சில்லு கீழே விழும், உள்ளே கம்பி அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். குளச்சல், முட்டம் பக்கம் பழைய சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால் இந்த நான்கு கட்டமும் ஒரே தெருவில் தெரியும்.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே அந்த இடைவெளியைக் காக்க வைக்கிற சிறு கட்டிதான் கவர் பிளாக். அதற்குப் பதிலாக ஜல்லிக்கல்லைக் கம்பிக்கு அடியில் செருகுவது இங்கே பரவலான பழக்கம். கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்தால் கல் உருண்டுவிடும், கம்பி பலகையில் போய் உட்காரும். தளத்துக்கு, பீமுக்கு, தூணுக்கு என்று தனித்தனி உயரத்தில் பிளாக் வேண்டும். பீமின் பக்கவாட்டிலும் கட்ட வேண்டும், அடியில் மட்டும் வைத்தால் ரிங் பக்கப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டுக் கான்கிரீட்டின் அதே பலத்தில் வார்த்த பிளாக்காக இருக்கட்டும். பூச்சுக் கலவையில் செய்த பிளாக் தானே உறிஞ்சும், உப்பைக் கம்பிக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

சன்ஷேடு விஷயத்தில் இன்னொன்று. சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கிற தளத்துக்கு முதன்மைக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். வார்ப்பு நாளில் ஆட்கள் அதன்மேல் நடந்து மிதித்து அடியில் அழுத்திவிடுவார்கள். கீழே போன கம்பி அங்கே இருந்தும் இல்லாததுபோலத்தான். அதனால் இரண்டு அடிக்கு ஒரு இடத்தில் நாற்காலிபோல வளைத்த கம்பியை வைத்து உயர்த்திக் கட்டுங்கள்; நடக்கத் தனிப் பலகை போடுங்கள். விளிம்பின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நீளப் பள்ளம் விட்டால் மழைநீர் உள்பக்கம் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். செலவே இல்லாத வேலை.

கம்பி வாங்கும்போது எடை போட வேண்டும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளத்துக்கு 8 மி.மீ. 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.66 கிலோ, 16 மி.மீ. 18.96 கிலோ. 10 மி.மீ. வரை ஏழு சதவீதமும், 12, 16 மி.மீ. கம்பிக்கு ஐந்து சதவீதமும் கூடக் குறைய இருக்கலாம். அதற்குக் கீழே போனால் கம்பி மெலிந்தது; எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் இரட்டை நட்டம். கம்பியில் பொறித்திருக்கும் 500 என்பதற்குப் பக்கத்தில் டி என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது கூடுதலாக இழுபடும், வளைத்தால் சட்டென்று முறியாது. மெல்லிய செந்துரு துடைத்தால் போய்விடும், பயமில்லை. உரிகிற துரு வேண்டாம். கடலோரத்தில் தூணுக்காக வெளியே நீட்டிவிட்ட கம்பியை அடுத்த மாடி எப்போதாவது கட்டலாம் என்று வருஷக்கணக்கில் திறந்து விடுவது பெரிய தவறு. சிமென்ட் பால் தடவி, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைக்க வேண்டும்.

கணவாய்க் காற்றுப் பக்கத்து வேலைக்கு நேரம் முக்கியம். வெயிலும் காற்றும் சேர்ந்தால், போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் தளத்தின் மேல் கோழிக்கால் போல வெடிப்பு விழும். இறுகும் முன்பே மேல்தோல் காய்ந்து சுருங்குவதால் வருவது அது. விடியும் முன்பே தொடங்கி, மட்டப்பலகை போட்டு முடித்த பகுதியை உடனுக்குடன் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரம் பறக்காமல் கல் வையுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்குப் பாத்தி கட்ட முடியாது. சாக்கைச் சுற்றிக் கட்டி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தளத்தை நனைப்பவர் தூணை மறந்துவிடுவார். வீட்டைத் தாங்குவது தூண்.

செங்கல் தோவாளை, செண்பகராமன்புதூர்ப் பக்கத்துச் சூளைகளிலிருந்து வருகிறது. இரண்டைத் தட்டினால் மணிச்சத்தம், நகத்தால் கீறினால் கோடு விழாமை, மூன்றடி உயரத்திலிருந்து போட்டால் உடையாமை, இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றோடு எடையும் பாருங்கள். காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். மூன்று கிலோக் கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேகாத கல். உப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தட்டில் ஒரு அங்குலம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கல்லை நிறுத்தி, முழுக்க வற்றவிட்டு, இன்னொரு முறை ஊற்றி வற்றவிடுங்கள். மேலே வெள்ளை மாவு பூத்தால் அந்தச் சூளையின் மண்ணிலேயே உப்பு. அளவு ஒத்துவருகிறதா என்பதற்கு 20 கல்லை நீளவாக்கில் ஒட்டி அடுக்கி டேப் பிடியுங்கள். 9 அங்குலக் கல் என்றால் 15 அடி வர வேண்டும். மூன்று அங்குலத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ ஒவ்வொரு வரியிலும் கலவை தடித்துப் பூச்சுக்கும் சிமென்ட் கூடும். கட்டும் முன் கல்லை நீர்க்குமிழி நிற்கும்வரை ஊறவையுங்கள். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிட்டால் சிமென்ட் இறுகாது, பிறகு கையால் அசைத்தாலே கல் கழன்று வரும்.

சிமென்ட் பிளாக்கில் இதற்கு நேர்மாறு. ஊறவைக்கக் கூடாது, மேலே லேசாகத் தெளித்தால் போதும். ஊறிய பிளாக் சுவரில் உட்கார்ந்த பிறகு காய்ந்து சுருங்கும், படிக்கட்டுபோல வெடிப்பு ஏறும். அதே காரணத்தால் நேற்று வார்த்த பிளாக்கை இன்று வாங்கக் கூடாது. பதினான்கு நாள் தண்ணீர், அதன்பின் நான்கு வாரம் காயவிடுவது என்பது தரவிதி. வாங்கும் இடத்தில் அடுக்கின் அடியில் உள்ளதை எடுத்துக் கேளுங்கள், எந்தத் தேதி வார்ப்பு என்று. உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த ஏ.ஏ.சி. பிளாக் எடையில் மிகக் குறைவு. 16 அங்குல நீளமும் 8 அங்குல அகல உயரமும் உள்ள சாலிட் பிளாக் முப்பது கிலோவைத் தாண்டும்போது இது பத்து கிலோ அளவில் நிற்கும். மாடி மேல் மாடி எழுப்ப நல்லது. ஆனால் தண்ணீரை உறிஞ்சும். மேற்குப் பகுதி மழையில் வெளிச்சுவருக்கு இதைப் போட்டால் பூச்சில் ஒரு வெடிப்புகூட மிஞ்சக் கூடாது. அலமாரி, கெய்சர் மாட்ட அதற்கென்றே உள்ள ஆங்கர் வேண்டும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் வெட்டுக்கல்லைப் பார்க்கலாம். இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று 1807இல் பெயர் வைத்த புக்கானன் அதைப் பார்த்தது மலப்புறத்து அங்காடிப்புறத்தில். லத்தீனில் செங்கல் என்று பொருள். மண்ணுக்குள் கோடரிக்கு வெட்டுப்படும், காற்றுப்பட்டால் இறுகும். ஆகவே வெட்டியதும் கட்டாமல் சில மாதம் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, கரைகிற கல்லைக் கழித்துவிட வேண்டும். அடிப்பக்கம் மழை தெறிக்கிற இரண்டு அடிக்குக் கருங்கல் கட்டிவிட்டு மேலே வெட்டுக்கல் எழுப்பினால் நீண்டகாலம் நிற்கும்.

கருங்கல் அஸ்திவாரத்தில் ஒரே ஒரு சோதனை போதும். கட்டி மறுநாள் மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கி நின்றால் சரி. களகளவென்று உள்ளே போய்விட்டால் கல்லுக்கு நடுவே கலவை இல்லை, வெறும் சில்லு போட்டு மூடியிருக்கிறது.

அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடை விடாத வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பூச்சு பொரிந்து உதிர்வதைக் காணலாம். மண்ணின் உப்புநீர் செங்கல்லின் நுண்துளை வழியே ஏறி, மேலே காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. புட்டி போட்டு மறைத்தால் அடுத்த மழைக்குள் உரியும். கறை முடிகிற இடத்துக்கு ஒரு அடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். வெள்ளைப் பூவைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அப்புறப்படுத்துங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு வள்ளுவர் சிலைக்குச் செய்கிற அதே வைத்தியம்: பழைய செய்தித்தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக அரைத்து, அரை அங்குலக் கனத்தில் அப்பி, தானே காய்ந்து பெயரும்வரை விடுங்கள். உப்பு கூழோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஈரம் ஏறுகிற வழியையும் அடைத்தால்தான் இது நிற்கும்.

புதுப் பூச்சுக்கு உள்ளே 12 மி.மீ., சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து அல்லது ஆறு. வெளியே இரண்டு அடுக்காக 20 மி.மீ., ஒன்றுக்கு நான்கு. தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் இருபுறமும் அரை அடி படுமாறு கோழிவலை அடிக்காவிட்டால் அந்த நேர்கோட்டில் வெடிப்பு வரும். கடலோரத்தில் இரும்பு வலையைவிடக் கண்ணாடி இழை வலை. ஜன்னல் நிலை அலுமினியம் என்றால் பூச்சு முடியும்வரை டேப்பைப் பிரிக்காதீர்கள், பச்சைச் சிமென்ட் பட்ட இடம் அரித்து வெள்ளையாகும்.

மரத்தில் நம் ஊருக்குக் கொடுத்துவைத்தது அயனி. ஈரத்தையும் கரையானையும் தாங்கும் என்பதால் படகுக்கும் வாசல் நிலைக்கும் அதுதான். தேக்கு வாங்க முடியாதவர் அயனியில் நிலையும் பலாவில் உள்கதவும் செய்யலாம், எந்தக் குறையும் வராது. எந்த மரமானாலும் சேகு என்கிற நடு வைரம் மட்டுமே வேலைக்கு. ஓரத்து வெள்ளையில் பூச்சி முதலில் இறங்கும். ரப்பர் மரம் மலிவு, அழகாக இழைக்கலாம், ஆனால் போரான் மருந்து அழுத்தி ஏற்றாத மரத்தை வீட்டுக்குள் விடாதீர்கள்; சில மாதத்தில் அடியில் மாவு கொட்டும். வெளிவாசலுக்கு அது வேண்டவே வேண்டாம். காய்ந்ததா என்று அறிய, ஒரு துண்டை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் ஆசாரியைக் கூப்பிடலாம். பத்மநாபபுரம் அரண்மனை மரம் இத்தனை காலம் நிற்பதற்கு மரத்தின் தரம் பாதிக் காரணம். சரிவான ஓடும், சுவரைத் தாண்டி நீண்ட இறவாரமும் மீதிப் பாதி. இரண்டடி இறவாரம் விட்டால் எந்த மரமும் எந்தப் பூச்சும் கூடுதலாக உழைக்கும்.

மொட்டைமாடிக்கு மேல் ஷீட் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மழைக்கு நல்லதுதான். கடலோரத்தில் ஷீட் கெடும் முன்பே ஸ்குரு கெடும். தலையின் துரு ஷீட்டுக்குப் பரவும், ரப்பர் வாஷர் பொரியும், ஓட்டை பெரிதாகும். ஷீட்டுக்குக் கொடுக்கிற காசில் கஞ்சத்தனம் செய்தாலும் ஸ்குருவில் செய்ய வேண்டாம். வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் பட்ட இடத்திலும் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் தடவ வேண்டும்.

பெயின்டுக்கு முன் சுவர் காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. பூச்சு முடிந்து 28 நாளாவது போகட்டும். பிறகு இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டு, மறுநாள் காலையில் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். வடக்குப் பார்த்த சுவரிலும் குளியலறைக்குப் பின்சுவரிலும் தனித்தனியாக ஒட்டுங்கள். அவைதான் கடைசியில் காயும்.